பண்பாடு கடந்த ஊழியத்துக்கு முதுநிலைப் படிப்பு: எதைப் படிப்பது, எப்போது படிப்பது?

வழிநடை எழுதியது:

அனைவருக்கும் அன்பின் வணக்கம்.

சபையோடு இணைந்த ஒரு நிவாரண அமைப்பில் வேலை செய்கிறேன். போரினால் சொந்த நாட்டைவிட்டு வந்த குடும்பங்கள் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அவர்களுடைய மொழி வேறு, மதம் வேறு, வீட்டுக்குள் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற ஒழுங்கும் வேறு. நான் பட்டப்படிப்பில் படித்தது கணக்கியல். பொருள்களைப் பங்கிடவும் கணக்கெழுதவும் அது போதுமானதாக இருந்தது. எதிரே நிற்பவரைப் புரிந்துகொள்ள அது கைகொடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இளம்தாயிடம் போர்வைகள் கொடுக்கப் போனோம். வாங்க மறுத்துவிட்டார். கோபமும் காட்டவில்லை, காரணமும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அவருடைய மாமியார் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, அதே போர்வைகளைக் கையெழுத்திட்டு வாங்கிச் சென்றார். மருமகளின் தன்மானம் என்றார் எங்கள் குழுவில் ஒருவர். பயம் என்றார் இன்னொருவர். இப்படி ஊகத்தின்மேல் வேலையை நடத்துவது அந்த மக்களுக்கு நாம் செய்யும் அநியாயம் என்று எனக்குப் படுகிறது.

இரண்டு ஆண்டுகளாவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். மூன்று வழிகள் தெரிகின்றன: இறையியல் கல்லூரியில் பண்பாட்டிடை ஆய்வில் எம்.ஏ.; முழு இறையியல் பட்டமான எம்.டிவ்.; பொதுப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல். படித்தவர்களும் கற்பிப்பவர்களும், படிக்காமலேயே களத்தில் பல காலம் நின்றவர்களும் மனம்திறந்து சொல்லுங்கள்.

கரைசேர் எழுதியது:

சகோதரி, நான் கடைசி வகையைச் சேர்ந்தவன். பட்டம் இல்லாமல் போனேன், பல ஆண்டுகள் இருந்தேன். என் ஆலோசனை சுருக்கமானது: முதலில் மொழி. அந்த இரண்டு ஆண்டுகளையும் மொழிக்குக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு வீட்டில் அரைநாள் உட்காரும் நிலை வந்தபிறகு படிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று. 1990களில் சுவிசேஷ சபைகளின் உலகக் கூட்டமைப்பு, மிஷனெரிகள் ஏன் பணியைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று 14 நாடுகளில் ஆராய்ந்தது. பழைய அனுப்பும் நாடுகளின் பட்டியல் ஒரு மாதிரி இருந்தது. பிள்ளைகள், உடல்நலம் என்று. புதிதாக அனுப்பத் தொடங்கிய நாடுகளின் பட்டியல் வேறு மாதிரி இருந்தது. அழைப்பில் தெளிவின்மை, அனுப்பிய சபையின் ஆதரவுக் குறைவு என்று. ஆனால் உடன் ஊழியர்களோடு ஒத்துப்போகாமை இரண்டு பட்டியல்களிலும் முன்வரிசையில் இருந்தது. சக ஊழியரோடு வாழத் தெரியாதவருக்கு மானிடவியல் என்ன செய்யும்? களத்தில் நான் பார்த்த உடைவுகளில் பெரும்பாலானவை அந்நிய மக்களோடு நேர்ந்தவை அல்ல. ஒரே குழுவில், ஒரே ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கிடையே நேர்ந்தவை.

பழையஏடு எழுதியது:

கரைசேர் ஐயா சொன்னதோடு முரண்பட வரவில்லை. ஆனால் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதுமே அது எந்த வழிவந்தது என்று கண்டுபிடிக்க முடியும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக அளவில் இதற்கு இடம் கிடைத்தது தாமதமாகத்தான். கல்கத்தாவில் கல்விப் பணி செய்து திரும்பிய அலெக்சாண்டர் டஃப் 1867-ல் எடின்பரோவில் இதற்கென ஒரு பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். அவருக்குப் பின் அது நிலைக்கவில்லை. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் 1896-ல் குஸ்டாவ் வார்னெக் பேராசிரியரானதிலிருந்துதான் மிஷனெரிப் பணியை ஆராயும் அருட்பணியியல் ஒரு துறையாக வேரூன்றியது. அந்நாளில் கேள்வி ஒருபக்கமாகவே இருந்தது: நாம் அவர்களுக்கு எப்படிக் கொண்டுபோவது?

அந்தக் கேள்வியை நேருக்கு நேர் திருப்பிப் போட்டவர் நம்மவர். 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள்; ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் திருநெல்வேலிப் பகுதியில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வயது 35. மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு அன்பு வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அவையில் இருந்த பலருக்கு அந்தப் பேச்சு உறைத்தது. சிலருக்கு உவப்பாக இல்லை. அவர் புண்பட்டு முறையிட்ட ஒருவர் அல்ல என்பதைக் கவனியுங்கள். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தெலுங்கு நாட்டுக்கே போய், தெலுங்கு கற்று, தோர்ணக்கல்லில் வேலை செய்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். பண்பாடு கடந்த ஊழியத்தின் இரு பக்கத்தையும் அறிந்தவர்.

அமெரிக்காவில் இத்துறை பெருகியது டொனால்ட் மெக்காவ்ரனால். இந்தியாவில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்குமேல் மத்திய இந்தியாவில் உழைத்தவர். 1965-ல் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் உலக மிஷன் பள்ளியைத் தொடங்கினார். 2003-ல் அது பண்பாட்டிடை ஆய்வுப் பள்ளியாயிற்று. வேறு பல கல்லூரிகளும் அதே பாதையில் போயின. மாற்றத்துக்குப் பின்னால் இருந்த நிலவரம் பெரியது: 1910-ல் உலகக் கிறிஸ்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தனர்; 2010-ல் பெரும்பான்மையினர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில். அனுப்புபவர் ஒரு கரை, பெறுபவர் மறுகரை என்ற நிலை போய்விட்டது. பாடத்திட்டம் இன்னும் அந்தப் பழைய வரைபடத்தோடு இருக்கிறதா என்பதை நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

ஐயவினா எழுதியது:

மெக்காவ்ரன் பெயர் வந்ததால் கேட்கிறேன். பொதுப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவன் நான், விசுவாசியும்தான். இன, மொழி, வர்க்க எல்லைகளைத் தாண்டாமலேயே மக்கள் கிறிஸ்துவிடம் வர விரும்புகிறார்கள், ஆகவே ஒரே வகையினர் ஒரே சபையாக வளரட்டும் என்பது அவருடைய புகழ்பெற்ற கோட்பாடு. அது மத்திய இந்தியாவின் சாதிவழி மனமாற்ற இயக்கங்களைப் பார்த்து உருவானது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், சாதிக்கொரு சபை என்பதற்கு இறையியல் முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடாதா? இந்தக் கேள்விக்கு வகுப்பில் என்ன பதில் சொல்கிறார்கள்?

பழையஏடு எழுதியது:

நல்ல வகுப்பில் இது மூடி மறைக்கப்படுவதில்லை. 1974-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய உலக சுவிசேஷ மாநாட்டில் ரெனே பாடிலா, சாமுவேல் எஸ்கோபார் போன்ற லத்தீன் அமெரிக்கர்கள் சுவிசேஷத்தையும் நீதியையும் பிரிக்கக் கூடாது என்று நின்றார்கள். 1977-ல் அமெரிக்காவின் பாசடேனாவில் இந்தக் கோட்பாட்டைப் பற்றியே தனியாகக் கூடி வாதிட்டார்கள்.

என் சொந்தப் பதிலை அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் தேடுகிறேன். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் இரண்டு சபைகளாகப் பிரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சபை ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறது. ஏழு பெயர்களையும் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள்; கடைசியானவர் அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவர். யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்தாரின் கையிலேயே மொத்தப் பங்கீட்டையும் கொடுத்துவிட்டது ஆதிச்சபை. வழிநடை சகோதரிக்கு இது வெறும் வேதபாடம் அல்ல. அவருடைய போர்வைப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி.

மறைஉரை எழுதியது:

கத்தோலிக்கக் குருவாக ஓரிரு சொற்கள்.

எங்கள் பக்கத்திலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1659-ல் மறைப்பணிகளுக்குப் பொறுப்பான உரோமை அலுவலகமாகிய விசுவாசப் பரப்புதல் பேராயம், ஆசியாவுக்குப் புறப்பட்ட திருத்தூது ஆட்சியாளர்களுக்கு அறிவுறுத்தல் கொடுத்தது: ஐரோப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், விசுவாசத்தைக் கொண்டுபோங்கள், சமயத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாகாத எந்த மக்களின் வழக்கத்தையும் மாற்றச் சொல்லாதீர்கள். எழுதியது அப்படி, நடந்தது வேறு. முன்னோருக்குச் செய்யும் சீனச் சடங்குகளை 1742-ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதியாகத் தடைசெய்தார். அந்தத் தடை தளர்ந்தது 1939-ல். இரண்டு நூற்றாண்டுகள்! எத்தனை குடும்பங்கள் தங்கள் பெற்றோருக்கும் திருச்சபைக்கும் நடுவே நின்று தவித்திருக்கும்?

மதுரைக்கு 1606-ல் வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியைப் பற்றி இங்கே அனைவருக்கும் தெரியும். காவி உடுத்து, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, பூணூலும் குடுமியும் சமயம் சாராத சமூகப் பழக்கங்களே என்று வாதாடி, 1623-ல் திருத்தந்தையின் அனுமதியைப் பெற்றார். அவருடைய அறிவும் துணிவும் எனக்கு இன்றும் வியப்பளிக்கின்றன. ஆனால் பண்பாட்டை மதிக்கிறேன் என்று அவர் மதித்தது உயர்குடியினரின் பண்பாட்டை. அதே பண்பாடு யாரை வெளியே நிறுத்தியதோ, அவர்களுக்கு வேறு குருக்கள், வேறு வழி என்றாயிற்று. ஆகவே விசுவாசத்தை ஒரு மக்களின் பண்பாட்டுக்குள் வேர்விடச் செய்யும் பண்பாட்டுமயமாதல் பற்றிப் பாடம் எடுக்கும்போது மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: யாருடைய பண்பாடு? வழக்கம் என்று உங்களுக்கு விளக்கிச் சொன்னவர் யார், அவர் விளக்கும்போது பேசாமல் இருந்தவர் யார்?

வழிநடை எழுதியது:

ஃபாதர், இதைப் படித்தபிறகு எங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாக் குடும்பத்திலும் நாங்கள் பேசியிருப்பது மொழிபெயர்ப்பாளரோடு எளிதாகப் பேசிய ஒருவரிடம்தான். பெரும்பாலும் இளைஞர்கள், கொஞ்சம் படித்தவர்கள்.

எழுத்தாணி எழுதியது:

களஆய்வு முறைகளைக் கற்பிப்பவள் நான். அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடக்கும் என்று காட்டினால் முடிவெடுக்க உதவும்.

முதல் பருவத்தில் ஒரு பயிற்சி. மாணவர் ஒரு பொது இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் போல ஏதாவது ஓர் இடம். ஒரு குறிப்பில் இப்படி வந்தது: 'முதியவர் பயபக்தியோடு எழுந்து நின்றார். மகள் எரிச்சலாக இருந்தாள். டாக்டர் வந்ததும் எல்லோரும் நிம்மதியடைந்தனர்.' பயபக்தி, எரிச்சல், நிம்மதி மூன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'எப்படித் தெரியும்?' என்று ஓரத்தில் எழுதுவேன். கண்ணில் பட்டது என்ன? முதியவர் எழுந்தார், கைத்தடியை இடக்கைக்கு மாற்றினார், மகள் அவருடைய முழங்கையைப் பிடித்தாள், அவர் கையை விலக்கிக்கொண்டார். இதை மட்டும் எழுதினால் போதும். பக்தியா, முழங்கால் வலியா, மகளின் முன்னால் தளர்ச்சியைக் காட்ட விரும்பாத பிடிவாதமா என்பது பிறகு அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஊழியத்தில் பல காலம் இருந்தவர்களுக்கே இந்தப் பயிற்சி அதிகக் கடினமாக இருக்கிறது. அவர்களுக்கு உள்மனத்தைப் படிக்கும் பழக்கம் ஊறிவிட்டது.

இனி உங்கள் போர்வை. அவர் ஏன் மறுத்தார் என்று யாரும் போய்க் கேட்க வேண்டாம். கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஒரு காரணம் சொல்வார்கள். இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பொருள் வந்தால் யார் கையில் வாங்குவது வழக்கம், வாங்கியவர் திருப்பி என்ன செய்வார், வாங்காமல் விடுவது எப்போது என்று கேளுங்கள். அதுவும் மாமியாரிடம் தனியாக, மருமகளிடம் தனியாக. இரண்டு பதில்களும் வேறுபடும் இடத்தில்தான் நீங்கள் தேடுவது கிடைக்கும்.

அடுத்து, இறையியலோடு இது எங்கே சேர்கிறது? பால் ஹீபர்ட் என்ற மானிடவியலாளரை எந்தப் பாடத்திட்டத்திலும் சந்திப்பீர்கள். 1932-ல் இந்தியாவில் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர். தெலுங்கு நாட்டில் வேலை செய்தவர். பின்னர் அமெரிக்காவில் கற்பித்தவர். 1982-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை என் பார்வையில் இந்தத் துறையின் மிக நேர்மையான கட்டுரைகளில் ஒன்று. மேல்நாட்டுக் கல்வி பெற்றவர்களுக்குக் கடவுள், மீட்பு, நித்தியம் போன்ற மேல்தளக் கேள்விகளுக்கும் பதில் இருந்தது. நோய்க்கிருமி, மண்வளம் போன்ற கீழ்த்தளக் கேள்விகளுக்கும் பதில் இருந்தது. நடுத்தளம் அவர்களிடம் காலியாகக் கிடந்தது. கண்ணேறு, செய்வினை, இறந்தவர்களின் ஆவி, நல்ல நாள் கெட்ட நாள், எனக்கு மட்டும் ஏன் இந்த விபத்து என்பவை மக்களின் அன்றாடக் கேள்விகள். அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதால், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தவர்கள் செவ்வாய்க்கிழமை குறிசொல்பவரைத் தேடிப் போனார்கள்.

அவர் முன்வைத்த வழிமுறை கேட்க எளிது, செய்யக் கடினம். ஒரு வழக்கத்தை, எடுத்துக்காட்டாக அடக்கச் சடங்கை, முதலில் தீர்ப்புச் சொல்லாமல் முழுமையாகக் கேட்டறிய வேண்டும்: யார் அழுகிறார், யார் பிணத்தைத் தொடுகிறார், எதற்காக. பிறகு அந்தக் கேள்வியோடு எல்லோரும் சேர்ந்து வேதத்தைப் படிக்க வேண்டும். மூன்றாவதாக அந்தச் சபையாரே தங்கள் வழக்கத்தை வேதத்தின் வெளிச்சத்தில் எடைபோட்டு, எதை வைப்பது, எதை விடுவது, எதற்குப் புதிய பொருள் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். கடைசியாக, முடிவுசெய்ததை நடைமுறையாக அமைக்க வேண்டும். மிஷனெரிக்கு மூன்றாம் படியில் வாக்கு இல்லை. அங்கேதான் பெரும்பாலோருக்குப் பொறுமை போய்விடுகிறது.

மறைஉரை எழுதியது:

சபையாரே முடிவெடுக்கட்டும் என்பதில் முழு உடன்பாடு. ஒரேயொரு சேர்க்கை: சபையார் என்றால் யார்? மூப்பர்கள் மட்டும் உட்கார்ந்து எடுத்த முடிவாக இருந்தால், அடக்கச் சடங்கில் விதவைக்கு நடப்பது எதுவும் விவாதத்துக்கே வராது.

ஐயவினா எழுதியது:

எனக்கு உறுத்துவது வேறொன்று. எழுத்தாணி அம்மா சொன்ன பயிற்சி அருமை. எங்கள் துறையிலும் அதுவே. ஆனால் எங்கள் துறையில் ஒருவரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்வதற்காகப் படிக்கிறோம். இங்கே அவருடைய மதத்தை மாற்றும் நோக்கத்தோடு அவரைப் படிப்பதாக ஆகிவிடாதா? அதிலும் போர்வைக்குக் கையேந்தும் நிலையில் இருப்பவரிடம்? இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. என் சொந்த விசுவாசத்தோடு பல ஆண்டுகள் நான் மல்லுக்கட்டிய கேள்வி இது.

நிழல்மரம் எழுதியது:

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்காத கல்லூரியில் யாரும் சேரக் கூடாது.

உதவியையும் சாட்சியையும் பற்றி எழுதப்பட்ட ஒழுங்குகள் இருக்கின்றன. 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் வகுத்த நடத்தை விதிகளில், உதவி எந்த அரசியல், சமய நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படக் கூடாது என்று இருக்கிறது. அதை முன்னின்று உருவாக்கியவற்றில் கத்தோலிக்க உதவி அமைப்பான கரித்தாஸ், லுத்தரன் உலகச் சம்மேளனம், உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. ஆகவே அதை வெளியார் நம்மேல் சுமத்திய விதி என்று யாரும் சொல்ல முடியாது. 2011-ல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும் உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் மூன்றாகச் சேர்ந்து, பல சமயத்தார் நடுவே கிறிஸ்தவச் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று பரிந்துரைகள் வெளியிட்டன. வறுமையையும் தேவையையும் சாட்சி சொல்லப் பயன்படுத்துவது கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இப்படிப்பட்ட மூன்று தரப்பும் ஒரே தாளில் ஒப்புக்கொண்டது சாதாரண காரியமா?

என் நம்பிக்கையை நான் மறைப்பதில்லை. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் நான் யார் என்பது தெரியும்படி வாழ்வேன். ஆனால் ஆய்வு என்று சொல்லிக் கேட்ட ஒன்றை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் அது பொய்ச்சாட்சி. ஒப்புதல் படிவம் வெறும் காகிதமல்ல. ஆய்வுக்காக ஒரு மூதாட்டியின் இடம்பெயர்வுக் கதையைப் பதிவுசெய்து, எழுதி முடித்தபின் அவர் முன்னால் உட்கார்ந்து அவர் மொழியிலேயே வாசித்துக் காட்டினேன். நடுவில் கையை உயர்த்தி நிறுத்தி, தன் இளைய மகனைப் பற்றிய இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னார். ஆய்வுக்கு அவைதான் மிக வலுவான வரிகள். எடுத்துவிட்டேன். காரணம் கேட்கவில்லை. பிறகு அவராகவே, நான் எழுதாமல் விட்டிருந்த ஓர் ஆற்றைக் கடந்த கதையைச் சொல்லி, இதைப் போட்டுக்கொள் என்றார்.

வழிநடை தங்கைக்குச் சில நடைமுறைக் காரியங்கள். பெண்கள் மட்டுமே நுழையக்கூடிய அறைகள் பல பண்பாடுகளில் உண்டு. ஆண்கள் எழுதிய பல களஆய்வுகளில் அந்த அறைகள் இல்லை. உங்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. உங்களுக்குப் பெண் நெறியாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். கணவரோடு போவதானால் அவருக்கும் குறைந்தது சில பாடங்களிலாவது உட்கார இடம் உண்டா என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் மாறி மற்றவர் அப்படியே இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு பண்பாட்டு இடைவெளி வந்துவிடும்.

கரைசேர் எழுதியது:

நிழல்மரம் அக்கா எழுதியதைப் படித்தேன். அந்த இரண்டு வரிகளை எடுத்துவிடும் மனதைக் கற்பிக்கும் படிப்பு என்றால் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் உடன் ஊழியரோடு ஒத்துப்போவது பற்றி நான் எழுப்பியதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

எழுத்தாணி எழுதியது:

ஐயா, நியாயமான கேள்வி. நீங்கள் சொன்ன ஆய்வுக்குப் பிறகு அதே வழியில் இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது. பணியாளர்கள் நீண்டகாலம் நிலைத்திருந்த அமைப்புகள், அனுப்புவதற்குமுன் கூடுதல் பயிற்சியைக் கேட்ட அமைப்புகளாகவும் இருந்தன என்று அதில் தெரியவந்தது. பட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆளைத் தெரிந்தெடுப்பதிலும் தொடர்ந்து பராமரிப்பதிலும் அவர்கள் அக்கறையாக இருந்தார்கள். ஆனால் பல நாட்டு மாணவர்கள் ஒரே விடுதியில், ஒரே சமையலறையில், ஒரே குழுக் கட்டுரைக்கு ஒரே மதிப்பெண் பெறும் சூழலில் இரண்டு ஆண்டுகள் இருப்பது சின்னப் பயிற்சி அல்ல. ஒருவர் நேரடியாக மறுப்பார். இன்னொருவர் 'பார்க்கலாம்' என்று சொல்லி மறுப்பார். மூன்றாமவர் வயதில் மூத்தவர் பேசும்வரை வாயே திறக்கமாட்டார். இணையவழிப் படிப்பில் இதுதான் முதலில் காணாமல் போகிறது. ஆகவே முழுவதும் இணையவழியாகப் படிக்க நான் பரிந்துரைப்பதில்லை. வேலையை விட முடியாதவர்கள் ஆண்டுக்குச் சில வாரமாவது நேரில் கூடும் கலப்புமுறையைத் தேடலாம்.

வழிநடை எழுதியது:

மூன்று வழிகளில் எது என்பதை இன்னும் யாரும் நேராகச் சொல்லவில்லை. எம்.டிவ். வேண்டுமா? பிஎச்.டி. வரை போகும் எண்ணம் பிறகு வந்தால்?

எழுத்தாணி எழுதியது:

நேராகவே சொல்கிறேன். குருப்பட்டமோ போதகர் பொறுப்போ உங்கள் நோக்கம் இல்லையென்றால் எம்.டிவ். தேவையில்லை. வட அமெரிக்க வழக்கப்படி அது முழுநேரமாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்; பிரசங்கம், சபை நிர்வாகம் எல்லாம் அதில் வரும். எம்.ஏ. பொதுவாக இரண்டு ஆண்டுகள். ஆனால் எம்.ஏ.வில் வேதபாடங்கள் குறைவாக இருக்கும். இறையியல் அடித்தளம் இல்லாதவர் விருப்பப் பாடங்களில் குறைந்தது இரண்டையாவது வேதத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மானிடவியல் துறை உங்களுக்குக் கூர்மையான கண்ணைத் தரும். ஹீபர்ட்டின் மூன்றாம் படியில் என்ன செய்வது என்று அது சொல்லாது. அது அதன் வேலையும் அல்ல.

பிஎச்.டி.க்கு வழி திறந்திருக்க வேண்டுமானால் ஆய்வேடு எழுதும் எம்.ஏ.வில் சேருங்கள். பாடங்கள் மட்டும் முடித்துப் பெறும் எம்.ஏ.வை வைத்துக்கொண்டு பிறகு முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்துத் திணறுபவர்களைப் பார்க்கிறேன். களத்தை விடாமல் முனைவர் ஆய்வு செய்ய வழியுண்டு. 1983-ல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்ட் மிஷன் ஆய்வு மையம் பணியில் இருப்பவர்களுக்காகவே பகுதிநேர ஆய்வை அமைத்திருக்கிறது.

அங்கீகாரத்தைக் கட்டாயம் பாருங்கள். வட அமெரிக்காவில் இறையியல் கல்லூரிகளின் சங்கம், ஆசியாவில் 1970-ல் தொடங்கிய ஆசிய இறையியல் சங்கம், இந்தியாவில் இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட் என்று ஒவ்வோர் இடத்திலும் ஓர் அமைப்பு உண்டு. ஒன்று ஏற்பதை மற்றொன்று அப்படியே ஏற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்து எங்கே வேலை செய்யப்போகிறீர்களோ, அங்கே இது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறைஉரை எழுதியது:

நான் மூன்று கேள்விகளைச் சேர்க்கிறேன், மகளே. கற்பிப்பவர்களில் எத்தனை பேர் தாங்களே அந்நிய மொழியில், அந்நிய மக்களுக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்தவர்கள்? நீங்கள் யாரைப் பற்றி எழுதுவீர்களோ, அந்த மக்களைச் சேர்ந்த ஓர் அறிஞர் உங்கள் ஆய்வேட்டை மதிப்பிடுவாரா? வாசிப்புப் பட்டியலில் ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும் எழுதியவை மையப்பாடங்களில் இருக்கின்றனவா, கடைசி வாரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா? இவற்றுக்கு உடனே, தயங்காமல் பதில் எழுதும் கல்லூரியை நம்பலாம்.

வழிநடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆய்வேட்டோடு கூடிய எம்.ஏ. என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் உடனே இல்லை. கரைசேர் ஐயா சொன்னபடி முதலில் ஓராண்டு மொழி. அமைப்பிலும் பேசிவிட்டேன்: பொருள் பங்கீட்டுக் குழுவில் அந்தக் குடும்பங்களிலிருந்தே ஐந்து பேர், அவர்களில் மூவர் பெண்கள், முடிவெடுக்கும் உரிமையோடு உட்காருவார்கள். யார் அந்த ஐவர் என்பதை அவர்களே தெரிந்தெடுக்கிறார்கள்.

ஃபாதரின் மூன்று கேள்விகளையும் நான்கு கல்லூரிகளுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து அன்றே விரிவான பதில் வந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு மட்டும், இதுவரை அப்படிச் செய்ததில்லை, உங்கள் ஆய்வுக்கு ஏற்பாடு செய்ய முயல்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த ஓராண்டில் படிப்புக்காக நான் முன்கூட்டியே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா, எழுத்தாணி அம்மா?

எழுத்தாணி எழுதியது:

இருக்கிறது. இன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும் மட்டும். இடப்பக்கத்தில் உங்கள் ஊகம், கோபம், ஜெபம் எல்லாம். ஒவ்வொரு வீட்டுக்கும் யார் பேசினார், யார் உடனிருந்தும் பேசவில்லை என்று ஒரு வரி கட்டாயம். மொழி வளர வளரப் பழைய பக்கங்களுக்குத் திரும்பிப் போய், அன்று மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என்ன என்று அவரிடமே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் தவறு செய்தார் என்பதற்காக அல்ல. எதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவர் நினைத்தாரோ, அதுவே உங்களுக்குப் பாடம். விண்ணப்பத்தோடு கேட்கும் மாதிரிக் கட்டுரையை அந்தக் குறிப்பேட்டிலிருந்தே எழுதலாம். அனுப்புவதற்குமுன் பெயர்களை மாற்றிவிடுங்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் வாசித்துக் காட்டி அனுமதியும் பெற்றுவிடுங்கள்.